ஏரிக்கரைப் பெரட்டு

அன்று காலை ஏரியில் ஒரு ஈ காக்கை இல்லை. வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் சிரில் வைத்துச் சொல்வான். காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றவன் அவன்தானே? பனி தண்ணீரை விட்டுக் கிளம்பி, தேயிலைச் சரிவில் பாதி தூரம் ஏறி, மனசு மாறினாற்போல் மறுபடியும் இறங்கி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தான். அழுகிய இலையும் சேறும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. மதகில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. வாத்துகூட இல்லை. இருந்த வாத்தையெல்லாம் ஜப்பான்காரன் எப்போதோ சுட்டுத் தின்றுவிட்டான்.

ஆனால் தோட்டத்து மருந்தறைக் கதவை அடைத்து, சிவப்புக் கண்ணாடி விளக்குக்கு முன்னால், மருந்து சொட்டும் கண்ணாடித் தட்டை விரல் நுனிகளில் தூக்கிப் பிடித்தபோது, ஏரியின் நடுவில் ஏதோ வரிசையாக இருந்தது.

கறை என்றுதான் முதலில் நினைத்தான். மருந்து பழசு; வெள்ளைக்காரத் துரை காமிராவையும் மருந்தையும் தட்டுகளையும் அப்படியே போட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு ஓடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தேயிலைத் தூளின் தரம் பார்க்கும் லென்சை எடுத்து வைத்துப் பார்த்தான். கறைக்குத் தோள் இருந்தது. தலை இருந்தது. தட்டில் வெளிச்சமெல்லாம் இருட்டாகவும் இருட்டெல்லாம் வெளிச்சமாகவும் பதிவது வழக்கமாகையால், பனி கறுப்பாகக் கிடந்தது. அந்தக் கறுப்பில் மனிதர்கள் வெள்ளை வெளேரென்று நின்றார்கள்.

விடியலின் மங்கல் வெளிச்சத்துக்காகப் பன்னிரண்டு எண்ணும்வரை சிரில் லென்ஸ் மூடியைத் திறந்து வைத்திருந்தான். அந்தப் பன்னிரண்டுக்குள் அசைகிறவன் எவனும் தட்டில் விழமாட்டான். நடந்து போனால் தடயமே இருக்காது, தலையைத் திருப்பினால்கூட முகம் அழிந்துபோகும். இப்படிக் கத்தி வைத்து வெட்டினாற்போல் விழவேண்டுமென்றால் அசையாமல் நிற்கவேண்டும். மூச்சுகூட விடக்கூடாது.

பயம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவன் தலைமேல் உட்கார்ந்திருந்தது. இந்தப் படம் ஆளில்லாமல் வந்தால்தான் அவனுடைய தம்பி ஆர்தர் உயிரோடு வீட்டுக்கு வருவான்.

விஷயம் இதுதான். சிரில் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை. விடியும் முன்னே ஆட்கள் திரளும் பெரட்டில் பெயர்ப் பதிவேடான செக்ரோலைப் பிரித்துவைத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, "இருக்கேங்க" என்ற பதிலுக்கு ஒரு கோடு போடுவது அவன் வேலை. கிராணி புத்தகத்தை மூடி "கலையலாம்" என்று சொல்கிறவரை ஒருவனும் காலை எடுத்து வைக்கக்கூடாது; மழையோ குளிரோ, அதுதான் சட்டம். ஆறு மாதத்துக்கு முன் சயாமில் ரயில் பாதை போட நாற்பது ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, செக்ரோலில் குருட்டாம்போக்கில் விரல் வைத்துப் பெயர்களைப் பொறுக்கினார்கள். பதினேழாவதாக விழுந்தது ஆர்தரின் பெயர்.

தாய் தகப்பன் போனபின் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் மனைவி டோரீன் அப்போது மாசமாக இருந்தாள். சிரில் என்ன செய்தான் தெரியுமா? தங்கையாவைக் கூப்பிட்டான். தங்கையாவுக்குப் படிப்பு வாசனை கிடையாது, இடது காது மந்தம், கிராணி சொன்னால் அது தேவவாக்கு. "ரெண்டே வாரம், ரிங்லெட் பக்கம் ரோட்டு வேலை. ஆர்தருன்னு கூப்பிட்டா நீ கையத் தூக்கணும். யாரு என்ன கேட்டாலும் உன் சொந்தப் பேருக்கு மட்டும் வாயத் தொறக்காத. தொறந்தா ரெண்டு பேரு தலையும் போயிரும்" என்று சொன்னான். அவனும் சரிங்க என்றான்.

கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பெண்கள் அழுது கூட்டம் கூட்டாமல் இருக்கவேண்டுமே என்று, பெரட்டு மணியை ஒரு மணி நேரம் முன்னதாக அடிக்கச் சொன்னதும் சிரில்தான். பெரட்டை ஏரிக்கரைக்கு மாற்றச் சொன்னதும் அவன்தான். அன்றும் இதே பனி. நாற்பது பேரும் வரிசையில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பனிக்குள்ளிருந்து லாரி விளக்கு எரிந்தது. துப்பாக்கி முனையால் குத்தி ஏற்றினார்கள். கையில் புத்தகம் விரித்தபடி சிரில் நின்றான். இரண்டு வாரம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று, ஒரு கடுதாசி வரவில்லை.

கோலா தெர்லாவில் ஒரு சீனனின் காய்கறிக் கொல்லையில் ஒளிந்திருந்த ஆர்தர், பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வந்தபோது போன வாரம் பிடிபட்டான்; தேயிலை ஆலையின் மாடியில் அடைத்து வைத்திருந்தார்கள்.

"சாயா வாங்கித் தரச் சொன்னா மாதிரி லேசா சொல்றான் கேப்டன். கிராணி, நீ அழாத, நான் சொல்றதக் கேளு" என்றார் ஹாஜா மைதீன். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். ஜப்பான் பாஷை ராத்திரி வகுப்பில் கொஞ்சம் கற்றுக்கொண்ட பாவத்துக்குத் துரை பங்களாவில் மொழிபெயர்ப்பாளராக மாட்டிக்கொண்டவர். வியாழக்கிழமை மத்தியானம், அந்த முதல் படத்தை வைத்துக்கொண்டு பங்களா வராந்தாவில் நின்றார்கள். இப்போது அந்தப் பங்களாவில் இருக்கும் ஜப்பான் அதிகாரி கேப்டன் ஹிராயாமா படத்தை ஒரு கையில் தூரமாகப் பிடித்திருந்தான்.

"இவன் ஊருலயும் மலை மேல இப்படி ஒரு ஏரி இருக்காம். ஆத்தாக்காரி சாகக் கெடக்குறாளாம். அவளுக்கு அனுப்பத்தான் கேக்குறான். பனி இருக்கணும், சூரியன் வரணும், மனுசன் இருக்கக்கூடாது. அவன் ஊரு ஏரியில காலங்காத்தால யாரும் இருக்கமாட்டாங்களாம்லா."

"ஹாஜா நானா, யாருமே இல்ல. நான் சத்தியமா சொல்றேன்."

"எங்கிட்ட ஏன் சத்தியம் பண்ற? படத்துல நிக்கிறானுங்களே, அதுக்கு என்ன சொல்ல?"

ஹிராயாமா மெதுவாக ஏதோ பேசினான். ஹாஜா மைதீனின் முகம் சுண்டிப்போனது.

"என்ன நானா?"

"காயிதப்படி ஆர்தர் சயாமுல வேல செய்றானாம். அப்ப மாடியில கட்டிப்போட்டவன் யாருன்னு கேக்குறான். ஒருத்தன் ரெண்டு எடத்துல இருக்க முடியாது, ஒருத்தனத் தொடச்சிரலாம்னு சொல்றான். சனிக்கெழம லாரி வருது, கேப்டனும் அதுல மலைய விட்டு எறங்கிப் போறான். அதுக்குள்ள படத்தக் குடுத்தா ஆர்தர் பேருல எழுதின காயிதத்தக் கிழிச்சு அவன விட்டுருவானாம். இல்லன்னா..." ஹாஜா மைதீன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஏரிக்கரையில யாரப்பா நிறுத்துன? கூலி ஆளுங்கள விரட்டிவிட்டுட்டு எடு. இதெல்லாம் பெரிய கஷ்டமா?"

பெட்டியில் இன்னும் இரண்டே தட்டு மிச்சம்.

வெள்ளிக்கிழமை சிரில் ஏரியின் எதிர்க்கரைக்குப் போனான். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்ததிலிருந்து எட்டு மணிக்குத்தான் விடிகிறது. குளிரில் கை விறைத்துப்போய், காமிராவின் முக்காலியை நாணலுக்கு நடுவே ஊன்றி, நாலு பக்கமும் நடந்து பார்த்தான். கூப்பிட்டும் பார்த்தான். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்ட குரல் பனிக்குள் போனது, திரும்பி வரவில்லை, இந்த மலையில் எப்போதும் எதிரொலி வரும். அன்றைக்கு வராததை அவன் ஏனோ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேகம் விலகி, தண்ணீர்மேல் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் வெளிச்சம் பரவ, பன்னிரண்டு எண்ணி மூடினான். எவ்வளவு அழகான ஏரி! அழகைப் பார்த்து அழுகை வருமா? அவனுக்கு வந்தது. ஆர்தர் பிழைத்தான் என்று நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஓடி வந்தான்.

மருந்தறையில் தட்டு மெல்ல மெல்லத் தெளிந்தது. மலை வந்தது. நாணல் வந்தது. பிறகு அவர்கள் வந்தார்கள்.

கிட்டத்தில் வந்திருந்தார்கள். அவன் கரையை மாற்றினான் அல்லவா? அவர்களும் திரும்பி, காமிராவைப் பார்த்தபடி நின்றார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை; நடு ஏரியில் ஆள் மூழ்கும் ஆழம் இருக்கிறது. லென்சைப் பிடித்து ஒவ்வொருவராக எண்ணினான். ஒரு வரிசையில் பத்து. நாலு வரிசை. கங்காணி நிற்க வேண்டிய இடம் ஓரத்தில் காலியாக விட்டிருந்தது. எதிரே, கிராணி மேசை போடும் தூரத்துக்கு வெறுந்தண்ணீர்.

இரண்டாவது வரிசையில் ஏழாவது ஆள் தலையை வலது காது முன்னால் வரும்படி சாய்த்து வைத்திருந்தான். நன்றாகக் கேட்கிற காதைக் கொடுத்து, தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருப்பவன்.

சிரில் தட்டைக் கீழே போடாமல் இருந்தது ஆச்சரியம்தான். "தங்கையா" என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு வெறி பிடித்தவன் மாதிரி மசிக்கூட்டைத் திறந்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு உருவத்தின் மேலும் மசி தடவினான். ஒரு தோள், ஒரு தலை. அரைமணி நேரத்தில் நாற்பது பேரையும் மூடினான். மசி காய்ந்ததும் விளக்கில் பிடித்துப் பார்த்தால், அவர்கள் மசிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது டோரீன் வாசலிலேயே நின்றாள். இடுப்பில் பிள்ளை. எலும்பும் தோலுமாக இருந்தாள். மரவள்ளிக்கிழங்கு தின்று பாலா ஊறும்?

"அத்தான், படம் வந்துச்சா?"

அவன் தலையை ஆட்டினான். வரவில்லை என்றா, வந்தது என்றா, அவனுக்கே தெரியவில்லை.

"மாடிக்குக் கீழ போயி நின்னேன். சன்னலு வழியா கூப்பிட்டாரு. 'அண்ணன் கைவிடமாட்டாரு, நீ பிள்ளயப் பாரு'ன்னாரு." அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நாளைக்கு லாரி வந்துரும் அத்தான். நீங்க என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. அவரு இந்தக் கதவு வழியா உள்ள வரணும். எப்படி வந்தாலும் சரி, கையில்லாம காலில்லாம வந்தாலும் நான் பாத்துக்குவேன்."

"அப்படிப் பேசாதம்மா" என்றான்.

அன்று ராத்திரி அவன் படுக்கவே இல்லை. முழங்காலிட்டு ஜெபம் பண்ணப் பார்த்தான், கண்ணுக்குள் நாலு வரிசைதான் நின்றது. சயாமில் செத்துப்போனவர்கள் இங்கே ஏன் நிற்கிறார்கள்? அடிக்கவா, கேட்கவா? பழிவாங்க வந்தவன் இப்படி வரிசை கலையாமல் நிற்பானா? விடியப் போகிற நேரத்தில்தான் உறைத்தது. அன்றைக்கு அவன் புத்தகத்தை மூடவில்லை. லாரி வந்த களேபரத்தில் கலையலாம் என்று சொல்லவில்லை. பெரட்டில் நின்ற ஆள் கிராணி சொல்லாமல் எப்படிப் போவான்?

சே, இவ்வளவுதானா! அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. அது நல்ல சிரிப்பில்லை. கடைசித் தட்டைக் காமிராப் பெட்டியில் வைத்தான். மேசை இழுப்பறையிலிருந்து, அந்த நாற்பது பேரின் பெயர் எழுதிய பழைய செக்ரோலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

சனிக்கிழமை பனி அவன் கண்டறியாத பனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப்பாதையில் கால் பழக்கத்தில் இறங்கினான். மதகுச் சத்தம் கேட்கவேண்டிய இடம் வந்தது. கேட்கவில்லை. ஆனால் மூச்சுச் சத்தம் மாதிரி ஏதோ இருந்தது. பலபேர் ஒன்றாக நிற்கிற இடத்தில் இருக்குமே, பேச்சில்லாத ஒரு கனம், அது. ஈரக் கம்பளி வாடை. பெரட்டுக்களத்தில் மழைநாளில் அடிக்கும் அதே வாடை.

கரையில் காமிராவை நிறுத்தினான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். காமிராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். மேலே ஏரி, கீழே வானம். ஏரியிலிருந்து அவர்கள் தலைகீழாகத் தொங்கினார்கள்.

தட்டு வேண்டியிருக்கவில்லை இன்றைக்கு. கண்ணாடியிலேயே தெரிந்தார்கள். துணியை விட்டுத் தலையை எடுத்து நேரே பார்த்தால் பனி. வெறும் பனி. மறுபடி குனிந்தால் நாலு வரிசை.

முதல் வரிசைக்கும் அவனுக்கும் இருபது அடி.

செக்ரோலைப் பிரித்துக் காமிராமேல் வைத்தான். இருமினான்.

"ஒன்னு. சின்னையா."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தூரத்திலிருந்து இல்லை, கரைக்கு அடியிலிருந்து, அவன் காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

"இருக்கேங்க."

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். கண்ணாடியில் பார்த்தான். முதல் வரிசையில் ஓர் இடம் காலி.

"ரெண்டு. பழனியப்பன்."

"இருக்கேங்க."

"மூனு. சுப்பிரமணியம்."

"இருக்கேங்க."

ஒவ்வொருவராகப் போனார்கள். கோடு போட்டான். பழக்கமான கை, பழக்கமான கோடு. பயம் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை வேலையாக இருந்தது. பதினாறு முடிந்தது. கண் பதினேழில் நின்றது. அவனுடைய கையெழுத்தில் அங்கே எழுதியிருந்தது: ஆர்தர்.

"தங்கையா" என்று கூப்பிட்டான்.

சாய்ந்த தலை அசையவில்லை.

"தங்கையா! நான்தான்டா. கிராணி கூப்பிடுறேன். உன் பேரச் சொல்லலாம், இப்ப ஒன்னும் ஆகாது."

இல்லை. சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதினெட்டுக்குத் தாவினான். இருபது. இருபத்தைந்து. கிழக்கே பனியின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. முப்பது. சூரியன் மலைமேல் ஏறிவிட்டால் பனி கலைந்துவிடும், படம் போய்விடும், ஆர்தர் போய்விடுவான். முப்பத்தெட்டு. வாய் குழறியது. முப்பத்தொன்பது, நாற்பது.

ஒரே ஓர் ஆள் மிச்சம். நடு ஏரியில் தனியாக, காதைக் கொடுத்துக்கொண்டு.

"தங்கையா, போயிருப்பா" என்று கெஞ்சினான். சிரில் அழுதுவிட்டான். "உன் காலப் பிடிக்கிறேன். நான் செஞ்சது பாவம்தான், மகா பாவம். என்னைக் கொண்டு போ. இந்த ஒரு படம் எடுத்துக்கிறேன். பச்சப்பிள்ளக்காரன்டா அவன்."

அசைவில்லை. சொந்தப் பெயருக்கு வாயைத் திறக்கவேண்டாம் என்று கிராணி சொல்லியிருந்தாரே. சொன்ன சொல் தட்டாதவன்.

மலை விளிம்பு சிவந்தது. இன்னும் இரண்டு நிமிஷம். ஒன்று.

சிரில் புத்தகத்தைப் பார்த்தான். எழுதியதைப் படித்தான்.

"பதினேழு. ஆர்தர்."

"இருக்கேங்க."

சந்தோஷமான குரல். அவ்வளவு நேரம் காத்திருந்து கடைசியில் தன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற சந்தோஷம். கண்ணாடியில் ஏரி துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

கோடு போட்டான். புத்தகத்தை மூடினான். பெரட்டு முடிந்தால் மலைக்குப் போங்க, வேலைக்குப் போங்க என்றுதான் சொல்வது. அந்த நாற்பது பேருக்கும் இனி என்ன வேலை?

"கலையலாம்" என்றான். "எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்கப்பா."

சூரியன் வந்தது. மூடியைத் திறந்தான். பன்னிரண்டு எண்ணினான்.

அந்தப் படத்தைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, அப்படி வந்திருந்தது. தண்ணீர், பனி, அதற்குள் ஒரு வெளிச்சம். மனித வாடையே இல்லை. கேப்டன் ஹிராயாமா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான், கண் கலங்கியது. பிறகு மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தான். "போ, கூட்டிட்டுப் போ, நிக்காத, அவன் மனசு மாறுறதுக்குள்ள ஓடு" என்று ஹாஜா மைதீன் அவன் முதுகைப் பிடித்துத் தள்ளினார்.

இலை வாட்டும் மாடியிலிருந்து ஆர்தர் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். நடக்கத் தெம்பில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "எனக்குத் தெரியும்ணே, எனக்குத் தெரியும்." சிரில் அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். தம்பியின் உடம்புச் சூடு கழுத்தில் பட்டது. கர்த்தாவே, போதும், இது போதும் என்று நினைத்தான்.

மத்தியானம் ஆகியும் பனி இறங்கிக் கிடந்தது. லயத்தை நெருங்கும்போது ஒரு பெண் வீறிட்ட சத்தம் கேட்டது. ஆர்தர் நின்றுவிட்டான். அழுகையா? இல்லை, சிரிப்பு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக. அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.

"வந்துட்டாரு! எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு!"

"அண்ணே, சயாமுக்குப் போனவங்களா?" ஆர்தரின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் வந்துட்டாங்களாண்ணே?"

சிரில் தரையைப் பார்த்தான். வீட்டு வாசல்களில் ஈரம் கிடந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு ஜோடி வெறுங்கால் ஈரம், உள்ளே போனது மட்டும். பழனியப்பன் வீட்டில் அடுப்பு புகைந்தது, கதவைச் சாத்தியிருந்தார்கள். சின்னையா வீட்டிலும் சாத்தியிருந்தார்கள். உள்ளே பெண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், தின்னுங்க, துவட்டிக்கோங்க, ஏன் பேசமாட்டேங்கிறீங்க.

ஒரு வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. தங்கையாவின் மனைவி சாரதா தெருவுக்கே ஓடி வந்தாள்.

"கிராணி ஐயா, எல்லாரு வீட்டுக்கும் வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரக் காணோமே ஐயா? வாசல் வரைக்கும் வந்தாரு, நான் என் கண்ணால பாத்தேன். நின்னாரு. தங்கையான்னு பேரு சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். திரும்பிப் பாக்காம மேல நடந்து போயிட்டாரு."

"எங்க போனான்?"

அவள் கையை நீட்டினாள். கிராணி வீட்டுப் பக்கம்.

சிரில் ஓடினான். தம்பியை இழுத்துக்கொண்டு ஓடினான். ஆர்தர் தடுக்கி விழுந்தான், எழுந்தான், என்னண்ணே, என்னண்ணே என்றான். வாசல்படி ஈரம். கதவு ஒருக்களித்து இருந்தது. சத்தம் கேட்டு டோரீன் எட்டிப் பார்த்தாள். ஆறு மாதமாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு. உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க அத்தான். வந்துட்டாரு." அவள் கண்ணில் நீர் வழிந்தது. "கொஞ்சம் முன்னாடிதான் வந்தாரு. நல்லா அடிச்சிருக்கானுங்க பாவிங்க, மூஞ்செல்லாம் ஊதிப்போயி அடையாளமே தெரியல. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. ஆர்தருன்னு கூப்பிட்டேன், இருக்கேங்கன்னாரு. பிள்ளயத்தான் மொதல்ல கேட்டாரு. இப்பதான்..."

அப்போதுதான் அவள் சிரிலின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

மூச்சு வாங்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஆர்தர் நின்றான். "டோரீன்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி, இருட்டாகக் கிடந்த உள்ளறையைப் பார்த்தாள். அங்கே கட்டில் விளிம்பில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் வழிந்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அவன் தோளில் பிள்ளை முகம் புதைத்துக் கிடந்தது, அசையவில்லை. வெளுத்து ஊறிப்போன ஒரு பெரிய கை அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.